இல்லாத கையை அவைக்குக் கொண்டுவந்த கதை

முன்னொரு காலத்தில் ஓர் அரசருக்குத் திடீரென்று உண்மையின் மேல் ஆசை வந்துவிட்டது.

அதற்குக் காரணம் அவருடைய பாட்டு. குணவீரர் என்ற அந்த அரசர் நல்லவர்தான். குடிகளை வாட்டுகிறவர் அல்லர். ஆனால் தமக்கு நன்றாகப் பாட வரும் என்று இருபது ஆண்டுகளாக நம்பிக்கொண்டிருந்தார். அவர் பாடினால் அவை முழுவதும் கண்ணை மூடித் தலையாட்டும். ஒரு நாள் பக்கத்து நாட்டுத் தூதர் ஒருவர் வந்திருந்தார். அரசர் அவருக்காகவே ஒரு பாட்டைப் பாடி முடித்தார். தூதர் கவலையோடு எழுந்து, "அரசருக்குத் தொண்டையில் ஏதேனும் சிக்கிக்கொண்டதோ? எங்கள் நாட்டில் இதற்கு நல்ல கஷாயம் உண்டு" என்றார்.

அரசர் மூன்று நாள் யாரையும் பார்க்கவில்லை. நான்காம் நாள் வெளியே வந்து, தர்க்கபூஷணம் சேஷாசல பண்டிதரைக் கூப்பிட்டு ஒரு சட்டம் எழுதச் சொன்னார். பண்டிதர் பேச்சில் ஓட்டை வைக்காதவர். அவர் எழுதியது இதுதான்: "இந்த நாட்டில் இல்லாததை உண்டு என்று சொல்பவர், அவர் யாராக இருந்தாலும், எல்லையைத் தாண்டிப் போய்விட வேண்டும்." அரசர் முத்திரை வைத்தார்.

அதன் பிறகு அவையில் பேச்சு அடங்கிப்போயிற்று. அரசரின் முகத்தை நிலவு என்று பாடிவந்த புலவர்கள் காய்ச்சல் என்று வீட்டிலேயே படுத்துக்கொண்டார்கள். பிறகு, காய்ச்சல் இல்லையே, அதைச் சொன்னதே குற்றமாகிவிடுமே என்று பயந்து எழுந்து வந்தார்கள். "நலமா?" என்று கேட்டால் ஆள் யோசித்துத்தான் பதில் சொன்னான். அரசர் சிரித்தே ஒரு மாதம் ஆகியிருந்தது.

அரசரைச் சிரிக்க வைப்பதுதான் மருதக்கூத்தனின் வேலை. அவன் அவை விகடன். கூத்துக் குழுவோடு ஊர் ஊராகத் திரிந்து, முப்பது வயதுக்கு மேல் அரண்மனைக்கு வந்து சேர்ந்தவன். பண்டிதர் அரை நாள் பேசி நிலைநாட்டியதை அவன் ஒரே கேள்வியில் சரித்துவிடுவான். அரசரும் சிரித்துவிடுவார். அந்தச் சிரிப்பு ஒவ்வொரு முறையும் பண்டிதருக்கு நெஞ்சில் போய்த் தைக்கும். சட்டம் வந்ததும் பண்டிதர் மனத்துக்குள் ஒரு கணக்குப் போட்டார். விகடனுக்கு இல்லாததைச் சொல்லாமல் பிழைப்பு நடக்காது. என்றாவது ஒரு நாள் வாயைத் திறப்பான்.

ஆனால் கூத்தன் வாயைத் திறக்கவில்லை. அப்போதுதான் பண்டிதரின் கண்ணில் கரியமாணிக்கம் பட்டார்.

கரியமாணிக்கம் கிழக்கு வாசல் காவலர். அதற்கு முன்பு அரசரின் மெய்க்காவலராக இருந்தவர். மூன்று ஆண்டுகளுக்கு முன் ஆற்றுத் துறையில் நடந்த சண்டையில், அரசரின் தலைக்கு வந்த கோடரியைத் தன் கேடயத்தால் தாங்கியவர் அவர்தான். கேடயம் பிளந்தது. அதைப் பிடித்திருந்த இடது கை நசுங்கியது. வைத்தியர்கள் முழங்கைக்குக் கீழே நான்கு விரல் அளவு விட்டு மீதியை எடுத்துவிட்டார்கள். அவர் எதையும் கேட்டு வாங்கத் தெரியாத மனிதர். கூத்தனுக்கு அரண்மனையில் முதலில் பழக்கமானவரும் அவரே. வந்த புதிதில் அவனுக்கு அவர் வீட்டில்தான் சாப்பாடு.

ஒரு நாள் காலை பண்டிதர் கிழக்கு வாசல் வழியாக வந்தபோது, கரியமாணிக்கம் பல்லைக் கடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்து நின்றார். என்ன என்று பண்டிதர் விசாரித்தார்.

"இடது கை வலிக்குதுங்க ஐயா" என்றார் கரியமாணிக்கம். மறைத்துப் பேச அவருக்குத் தோன்றவில்லை.

பண்டிதர் அவரை அப்படியே அவைக்கு அழைத்துப்போனார்.

அரசர் அமர்ந்திருந்தார். கூத்தன் தன் இடத்தில் இருந்தான். பண்டிதர் குரலை உயர்த்தாமலே கேட்டார்.

"கரியமாணிக்கம், உமக்கு எங்கே வலிக்கிறது?"

"இடது கையிலங்க."

"கையில் எந்த இடத்தில்?"

"உள்ளங்கையில."

"அந்த உள்ளங்கையை அவையோருக்குக் காட்டும்."

கரியமாணிக்கம் துணி சுற்றிய முழங்கையைத் தூக்கிக் காட்டினார்.

"இது முழங்கை. நான் கேட்டது உள்ளங்கையை."

"அது இல்லீங்க."

"இல்லாத உள்ளங்கையில் வலி உண்டு என்கிறீர்."

"ஆமாங்க. இருக்குது."

பண்டிதர் அரசரைப் பார்த்துக் கைகூப்பிவிட்டு நின்றார். மேலே எதுவும் சொல்லவேண்டிய தேவை அவருக்கு இருக்கவில்லை.

அரசரின் முகம் வாடிவிட்டது. அந்தக் கை எப்படிப் போயிற்று என்று அவரைவிட நன்றாக அறிந்தவர் யார்? "கரியமாணிக்கம், வலிக்கவில்லை என்று ஒரு சொல் சொல்லும். வீட்டுக்குப் போய்விடலாம்" என்றார்.

கரியமாணிக்கம் தலையை ஆட்டி மறுத்தார். "வலிக்கலேன்னு சொன்னா அதுதானுங்களே பொய், மகாராஜா. எனக்குக் கை இல்லேன்னு தெரியும். தெரிஞ்சும் வலிக்குது. நான் என்ன செய்ய?"

அவையில் யாரோ கமுக்கமாகச் சிரித்தார்கள். கூத்தனுக்குப் பொறுக்கவில்லை. எழுந்து நின்றுவிட்டான். பண்டிதர் இதற்காகவே காத்திருந்தவர்போல அவன் பக்கம் திரும்பினார்.

"விகடரே, நீர் என்ன சொல்கிறீர்? இவருக்கு இடது கை உண்டா?"

"இல்லை. எனக்கும் கண் தெரிகிறது."

"கை இல்லை. அப்படியானால் அதில் வலி உண்டா, இல்லையா?"

கூத்தனுக்குக் கண்ணி தெரிந்தது. உண்டு என்றால் அவனும் எல்லைக்கு அப்பால் போகவேண்டியதுதான். இல்லை என்றால் தன் நண்பரைத் தானே தள்ளிவிட்டதாகும்.

"எனக்கு வலிக்கவில்லை, பண்டிதரே. உமக்கும் வலிக்கவில்லை. வலி அவருடையது. உண்டா இல்லையா என்பதை அவரிடம்தான் கேட்க வேண்டும். கேட்டீர், சொல்லிவிட்டார்."

"இது பதில் அன்று, நழுவல்" என்றார் பண்டிதர். "உண்மையிலேயே வலி இருந்தால் அதற்கு மருந்து போடலாம். மருந்து போட வேண்டுமென்றால் கை வேண்டும். விகடர் அந்தக் கையை இங்கே கொண்டுவரட்டும். நாம் எல்லோரும் கண்ணால் பார்க்கிறோம். பிறகு மருந்து போட்டு ஆற்றட்டும்."

அரசருக்குத் தர்மசங்கடம். சட்டம் அவர் போட்டது. குற்றவாளியாக நிற்பவர் அவர் உயிரைக் காத்தவர். கோபம் யார்மேல் என்று தெரியாமல் கூத்தன்மேல் திரும்பியது.

"ஆம், அப்படியே ஆகட்டும். கூத்தா, உனக்கு மூன்று நாள் தவணை. இல்லாத ஒன்றை உண்டு என்று சொல்பவன் பொய்யனாக இல்லாமலும் இருக்கலாம் என்று நிறுவு. பிறகு அந்தக் கையை அவைக்குக் கொண்டுவந்து அதன் வலியை ஆற்று. முடியாவிட்டால் நீங்கள் இருவரும் எல்லையைத் தாண்டிப் போங்கள்."

சொன்ன மறுகணமே அரசருக்கு மனம் உறுத்தியது. ஆனால் அரசர் சொன்னது சொன்னதுதான்.

அன்று மாலை கூத்தன் கரியமாணிக்கத்தின் வீட்டுக்குப் போனான். அவர் மனைவி பூவாயி மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள்.

"எதுக்கு அண்ணி இப்பவே?"

"கட்டி வச்சா மனசு அடங்கும்னு பாத்தேன் தம்பி. அடங்கல." அவள் ஓர் ஓரமாக உட்கார்ந்தாள். "இவரு தூங்கி ரெண்டு மாசமாச்சு. எண்ணெய் தேய்ச்சுப் பாத்தாச்சு. சூடு வச்சுப் பாத்தாச்சு. வைத்தியரு, அதுதான் எடுத்தாச்சே, அப்புறம் என்ன வலின்னு கேக்குறாரு. பேய் புடிச்சிருக்குன்னு பக்கத்து வீட்டுல பேசிக்கிறாங்க."

கூத்தன் கரியமாணிக்கத்தின் எதிரில் உட்கார்ந்தான். "அண்ணே, அந்தக் கை இப்ப என்ன பண்ணுது?"

கரியமாணிக்கம் அவனை நிமிர்ந்து பார்த்தார். மூன்று ஆண்டுகளில் வலி உண்டா என்று பலர் கேட்டிருக்கிறார்கள். கை என்ன செய்கிறது என்று எவரும் கேட்டதில்லை.

"மூடிக் கெடக்கு" என்றார் மெதுவாக. "கேடயத்துப் பட்டையைப் புடிச்சேன் பாரு, அதே மாதிரி. இறுக்கி மூடிக் கெடக்கு. நகம் உள்ளங்கையில போய்க் குத்துது. தொறக்கலாம்னு பாக்குறேன், முடியல. தொறன்னு சொன்னா கேக்க அங்க கை இல்லையே."

"தெனமுமா?"

"கண்ணு மூடினா அதிகம். இன்னொரு கூத்து சொல்றேன், சிரிக்காத. இவ என் இடது கன்னத்தைத் தொடச்சா, அந்தக் கைக் கட்டை விரலைத் தொடுற மாதிரி இருக்குது."

பூவாயி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "வலி தாங்காத நாளு நான் கன்னத்தைத் தடவிக் குடுப்பேன் தம்பி. அந்தக் கையைப் புடிச்சிக்க எனக்கு வேற எடம் இல்ல" என்றாள்.

கூத்தனுக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் வீட்டுக்கு நடந்துபோகும் வழியெல்லாம் இதையே நினைத்துக்கொண்டு போனான். கை போய்விட்டது. ஆனால் கையிடமிருந்து செய்தி வாங்கும் ஆள் ஒருவன் தலைக்குள் இன்னும் உட்கார்ந்திருக்கிறான். கை போன செய்தி அவனுக்குப் போய்ச் சேரவில்லை. கடைசியாக வந்த செய்தி, "இறுக்கிப் பிடித்திருக்கிறேன்" என்பது. அதையே வைத்துக்கொண்டு மூன்று ஆண்டுகளாக அவன் காத்திருக்கிறான். அவனுக்கு வேறு ஒரு செய்தி அனுப்ப வேண்டும். எந்த வழியாக அனுப்புவது? கை வழி அடைபட்டுவிட்டது. காது வழியாகச் சொன்னால் கேட்கவில்லை.

மறுநாள் முழுவதும் அவனுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. அதற்கடுத்த நாள் காலை வழக்கம்போலக் கண்ணாடி முன் உட்கார்ந்தான். அது விகடனின் தினசரி வேலை. முகத்தைக் கோணவேண்டும், புருவத்தை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பழகவேண்டும். அவன் வலது புருவத்தைத் தூக்கினான். கண்ணாடிக்குள் இருந்தவனின் இடது புருவம் உயர்ந்தது. வலது கையைத் தூக்கினான். உள்ளே இருந்தவன் இடது கையைத் தூக்கினான்.

கூத்தன் கையை இறக்காமல் அப்படியே இருந்தான்.

பிறகு அந்தச் சின்னக் கண்ணாடியை எடுத்துத் தன் இரண்டு கைகளுக்கும் நடுவில், முகம் பார்க்கும் பக்கம் வலது கையை நோக்கி இருக்கும்படி நிறுத்தினான். இடது கை கண்ணாடிக்குப் பின்னால் மறைந்துவிட்டது. கண்ணாடிக்குள் பார்த்தான். வலது கை விரல்களின் பிம்பம், சரியாக இடது கை விரல்கள் இருக்கவேண்டிய இடத்தில் தெரிந்தது. வலது விரல்களை ஆட்டினான். கண்ணாடிக்குப் பின்னால் சும்மா கிடந்த இடது விரல்கள் ஆடுவதுபோல ஓர் உணர்வு வந்தது. திடுக்கிட்டு எட்டிப் பார்த்தான். இடது கை அசையாமல்தான் கிடந்தது.

"கண் வழியாகப் போகலாம்போல இருக்கிறதே" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

ஆனால் அவனிடம் இருந்தது முகம் மட்டும் தெரியும் கண்ணாடி. ஒரு முழுக்கை தெரியும் அளவு கண்ணாடி நாட்டிலேயே ஒன்றுதான் உண்டு. அது அரசரின் ஒப்பனை அறையில் இருந்தது. ஆகவே முன்கூட்டிச் செய்து பார்க்க வழி இல்லை. பலிக்குமா என்று அவனுக்கே தெரியாது. பலிக்காவிட்டால் பூவாயி கட்டிய மூட்டை இருக்கிறது.

மூன்றாம் நாள் அவை நிரம்பி வழிந்தது. பூவாயி ஒரு தூணோரம் நின்றாள். கூத்தன் மடியிலிருந்து ஒரு கொண்டைக்கடலையை எடுத்து ஒரு தட்டில் வைத்தான்.

"மகாராஜா, முதலில் ஒரு சிறிய சோதனை. பண்டிதரின் விரல்கள் பொய் சொல்லாத விரல்கள். அவற்றைச் சற்று நேரம் கடன் தருவாரா?"

பண்டிதர் ஏளனமாகக் கையை நீட்டினார். கூத்தன் அவருடைய நடுவிரலைச் சுட்டுவிரலின் மேல் குறுக்காக ஏற்றிப் பின்னிவைத்தான். கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லிவிட்டு, பின்னிய இரண்டு விரல் நுனிகளுக்கும் இடையில் கடலை படும்படி தட்டில் உருட்டச் சொன்னான்.

"எத்தனை கடலை இருக்கிறது, பண்டிதரே?"

பண்டிதர் இங்கும் அங்கும் உருட்டிப் பார்த்தார். "இரண்டு."

"நன்றாகப் பார்த்துச் சொல்லும். சட்டம் இருக்கிறது."

"இரண்டுதான். ஒன்று இந்தப் பக்கம், ஒன்று அந்தப் பக்கம். இதில் என்ன சந்தேகம்?"

"கண்ணைத் திறக்கலாம்."

தட்டில் ஒரு கடலைதான் இருந்தது. அவையில் ஒரு சலசலப்பு ஓடியது. பண்டிதர் தட்டைத் தூக்கி அடியில் பார்த்தார். கூத்தனின் கைகளைப் பார்த்தார். "இது கண்கட்டு. இன்னொன்றை இவன் எடுத்துவிட்டான்" என்றார்.

"நான் தட்டுக்கு மூன்று அடி தள்ளி நிற்கிறேன். இல்லாத ஒரு கடலையைப் பண்டிதர் உண்டு என்று சொல்லிவிட்டார். பொய் சொன்னீரா?"

"நான் ஏன் பொய் சொல்கிறேன்? விரலில் பட்டதைச் சொன்னேன். இரண்டாகத்தான் பட்டது."

"கரியமாணிக்கமும் அதைத்தான் சொன்னார்" என்றான் கூத்தன்.

சிம்மாசனத்தில் அரசர் முன்னால் சாய்ந்தார். "தட்டை இங்கே கொண்டு வா. பண்டிதர் முன்னெச்சரிக்கை இல்லாமல் ஏமாந்தார். ஒன்றுதான் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். என்னை ஏமாற்ற முடியாது."

அரசர் விரல்களைப் பின்னிக்கொண்டார். கண்ணை மூடினார். கடலையை உருட்டினார். அவர் புருவம் சுருங்கியது. நிறுத்தினார். கண்ணைத் திறந்து கடலையைப் பார்த்தார். மறுபடியும் மூடி உருட்டினார்.

"மகாராஜா, எத்தனை?"

அரசர் கண்ணைத் திறக்காமலே, மிகவும் தணிந்த குரலில், "இரண்டு" என்றார்.

"ஒன்று என்று தெரியும், இருந்தும் இரண்டாக இருக்கிறது" என்றார் அரசர். "தெரிந்தும் என்னால் அதை ஒன்றாக்க முடியவில்லை, கூத்தா."

"விரலுக்கு அது பழக்கமில்லாத இருப்பு, மகாராஜா. இரண்டு விரல்களின் வெளிப்பக்கத்திலும் ஒரே நேரத்தில் ஏதாவது பட்டால் இரண்டு பொருள் என்றே பிறந்த நாள் முதல் அது கற்றுவைத்திருக்கிறது. விரலைப் பின்னினாலும் தலைக்குள் இருப்பவன் பழைய கணக்கைத்தான் சொல்கிறான். அவன் பொய்யன் அல்லன். பழைய ஆள், அவ்வளவுதான். ஆனால் சட்டத்தின்படி," என்று கூத்தன் தலையைச் சொறிந்தான், "அவர் யாராக இருந்தாலும் என்று பண்டிதர் எழுதியிருக்கிறார். அரசருக்கும் பண்டிதருக்கும் வண்டி கட்டச் சொல்லட்டுமா?"

அரசர் அவனை முறைத்தார். முறைத்துக்கொண்டே இருந்தவரின் உதடு ஒரு பக்கமாக இழுபட்டது. பிறகு ஒரு மாதச் சிரிப்பும் சேர்ந்து வந்தது. கடலையை வாயில் போட்டு மென்றுகொண்டே சிரித்தார். "இந்த வழக்கில் நான் தோற்றேன். கரியமாணிக்கம், நீர் பொய்யர் அல்லர். உம்மை என் முன் இப்படி நிற்கவைத்ததற்காக வருந்துகிறேன்."

"அரசே, ஆணையின் மறுபாதி இருக்கிறது" என்றார் பண்டிதர். முகம் சிவந்திருந்தது. "கையைக் கொண்டுவந்து வலியை ஆற்றவேண்டும்."

"கொண்டுவருகிறேன்" என்றான் கூத்தன். "அதற்கு அரசரின் ஒப்பனைக் கண்ணாடி வேண்டும்."

இரண்டு முழ உயரத்தில், தேக்குச் சட்டம் போட்ட அந்தக் கண்ணாடியை நான்கு பேர் தூக்கி வந்தார்கள். கூத்தன் கரியமாணிக்கத்தைத் தரையில் சம்மணமிட்டு உட்காரச் சொன்னான். கண்ணாடியை அவர் மார்புக்கு முன்னால், இரண்டு கைகளுக்கும் நடுவில், தடுப்புப் பலகைபோல நெட்டாக நிறுத்தினான். முகம் பார்க்கும் பக்கம் வலது கைப்புறம். குறைப்பட்ட இடது கை கண்ணாடிக்குப் பின்னால் மறைந்தது.

"பண்டிதரே, எதிரில் உட்கார்ந்து இதை நீர் பிடித்துக்கொள்ளும். நான் பிடித்தால் ஏதோ தந்திரம் செய்தேன் என்பீர்."

பண்டிதர் வேறு வழியில்லாமல் உட்கார்ந்து சட்டத்தைப் பிடித்தார்.

"என்ன தம்பி வெளையாட்டு இது" என்றார் கரியமாணிக்கம். பார்வையைத் தூணோரம் ஓட்டினார். இத்தனை பேர் முன்னிலையில் கண்ணாடி பார்ப்பது அவருக்குக் கூச்சமாக இருந்தது.

கூத்தன் அவர் பக்கத்தில் குனிந்தான். "அண்ணே, என் மேல நம்பிக்கை இருந்தா ஒரு தடவை. வலது கையை, இடது கை எப்படி மூடியிருக்கோ அதே மாதிரி இறுக்கி மூடுங்க. அப்படியே கண்ணாடிக்குள்ள பாருங்க."

கரியமாணிக்கம் கையை மூடினார். கண்ணாடிக்குள் பார்த்தார்.

அங்கே அவருடைய இடது கை இருந்தது. அது இருக்கவேண்டிய இடத்தில், முழங்கையோடு ஒட்டி, இறுக மூடியபடி இருந்தது. அவர் உடம்பு ஒருமுறை அதிர்ந்தது.

"இப்ப ரெண்டு கையையும் தொறங்க. மெதுவா. கண்ணை எடுக்காதீங்க."

நெடுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. அவர் நெற்றியில் வியர்வை அரும்பியது. பிறகு வலது கையின் சுண்டுவிரல் விரிந்தது. அடுத்த விரல். அடுத்தது. கண்ணாடிக்குள் இருந்த கையும் விரல் விரலாகத் திறந்தது.

கரியமாணிக்கம் வாயைத் திறந்தார்.

"தொறந்துடுச்சு" என்றார். பிறகு தூண் பக்கம் திரும்பாமலே, கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்காமலே, "பூவாயி, தொறந்துடுச்சுடி. நகம் இப்பக் குத்தல" என்றார். அவர் கன்னங்களில் நீர் வழிந்தது. துடைக்கக் கையை எடுத்தால் கண்ணாடிக் கை போய்விடுமே என்று அப்படியே விட்டுவிட்டார். பூவாயி அரசர் இருப்பதை மறந்து, தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அரசர் சிம்மாசனத்திலிருந்து இறங்கி வந்தார். கரியமாணிக்கத்தின் தோளுக்குப் பின்னால் மண்டியிட்டு, அவர் கண் மட்டத்திலிருந்து கண்ணாடிக்குள் பார்த்தார். தமக்காகப் போன கை அங்கே உயிரோடு விரிந்து கிடந்தது. "கை வந்துவிட்டது, கூத்தா" என்றார். "எல்லோரும் பார்த்துக்கொள்ளுங்கள். கை வந்துவிட்டது."

கரியமாணிக்கம் கையை மூடினார், திறந்தார். மறுபடியும் மூடினார், திறந்தார். பிறகு திறந்தபடியே வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் அவர் மூச்சு நீண்டது. தலை மெல்லச் சாய்ந்து கண்ணாடிச் சட்டத்தின் மேல் தங்கியது. இரண்டு மாதமாகத் தூங்காத மனிதர், அரசவையின் நடுவில், அரசரின் முன்னிலையில் குறட்டை விட ஆரம்பித்தார்.

மெய்க்காவலன் ஒருவன் பதறி ஓடிவந்தான். அரசர் விரலை உதட்டில் வைத்துத் தடுத்தார். அவை கலைந்தது என்பதைக் கைச்சாடையால் சொன்னார். அமைச்சர்களும் புலவர்களும் காலணிகளைக் கையில் எடுத்துக்கொண்டு நுனிக்காலில் வெளியேறினார்கள். பண்டிதரும் எழப் பார்த்தார். கண்ணாடி அசைந்தது, குறட்டை தடைப்பட்டது. அசையாதீர் என்று அரசர் கையைக் காட்டினார். பண்டிதர் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

வெளித் தாழ்வாரத்துக்கு வந்த பிறகுதான் அரசர் அடக்கிவைத்திருந்ததை அவிழ்த்துவிட்டார். சுவரைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். "நம் பண்டிதரை ஒரு கண்ணாடித் தாங்கி ஆக்கிவிட்டாயே. என்ன வேண்டும், கேள்."

"கண்ணாடி அவர் வீட்டுக்குப் போகட்டும், மகாராஜா. வலி இன்றோடு போய்விட்டது என்று நான் சொல்லமாட்டேன். நாளைக்கே திரும்பி வரலாம். தலைக்குள் இருப்பவனுக்கு ஒரு தடவை சொன்னால் போதாது."

அவன் சொன்னபடிதான் ஆயிற்று. மறுநாள் உச்சிப்பொழுதில் வலி வந்தது. கண்ணாடி முன் உட்கார்ந்ததும் போயிற்று. அப்படி வருவதும் போவதுமாக இருந்து, அடுத்த அறுவடைக்குள் எப்போதாவது எட்டிப் பார்க்கும் விருந்தாளி அளவுக்குக் குறைந்துவிட்டது. அரசர் கூத்தனுக்கு ஆற்றோரம் நல்ல நிலமும் பட்டுச் சால்வையும் கொடுத்தார். சட்டத்தில் "தெரிந்தே ஏய்க்கும் எண்ணத்தோடு" என்ற சொற்களைச் சேர்த்தார். பாட்டை மட்டும் அவர் விடவில்லை. ஆனால் தனியாக, கதவைச் சாத்திக்கொண்டு பாடினார்.

ஆனால் அதெல்லாம் பிறகு. கை வந்த அந்த நாளில், பொழுது சாயும் நேரத்தில் அரசரும் கூத்தனும் அவைக்குத் திரும்பி வந்து கதவருகே நின்று பார்த்தார்கள். பூவாயி கணவரின் பக்கத்தில் உட்கார்ந்து முந்தானையால் விசிறிக்கொண்டிருந்தாள். பண்டிதர் கண்ணாடியைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார். வேண்டுமென்றால் ஒரு சேவகனைக் கூப்பிட்டு மாற்றிக்கொண்டிருக்கலாம். கூப்பிட வாயைத் திறந்தால் தூங்குகிறவர் விழித்துவிடுவாரோ என்று அவருக்கே தோன்றியிருக்க வேண்டும்.

கரியமாணிக்கம் கண் விழித்தார். எங்கே இருக்கிறோம் என்று புரிய அவருக்குச் சற்று நேரம் பிடித்தது.

"வலிக்கிறதா?" என்று கேட்டார் பண்டிதர். குரலில் தர்க்கம் எதுவும் இல்லை.

"இல்லீங்க ஐயா." கரியமாணிக்கம் அவருடைய நடுங்கும் கைகளைப் பார்த்தார். "உங்களுக்கு?"

பண்டிதர் தம் கைகளைக் குனிந்து பார்த்தார். "இரண்டு கையும் தோள் வரைக்கும் வலிக்கிறது" என்றார்.

"வலிக்கத்தான் செய்யும்" என்று சொல்லி, கரியமாணிக்கம் தன் வலது கையை நீட்டிக் கண்ணாடி சாயாமல் பிடித்துக்கொண்டார். பூவாயி எழுந்து, எண்ணெய் கொண்டுவரப் போனாள். கதவருகே அரசர் மறுபடியும் சிரிக்கத் தொடங்கினார்.